265 நானோமீட்டர்: தாவரங்கள் முன்பே சொன்ன விடை

மரபணு டி.என்.ஏ.வால் ஆனது என்பதை மனிதர் அறிந்துகொண்ட ஆண்டு எது? பாடநூல்கள் 1944 என்கின்றன. அவ்வாண்டில்தான் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஆஸ்வால்ட் ஏவரி, காலின் மெக்லியோட், மெக்லின் மெக்கார்ட்டி ஆகிய மூவரும், நிமோனியாக் கிருமிகளில் ஒரு வகையின் பண்பை மற்றொரு வகைக்குக் கடத்தும் பொருள் டி.என்.ஏ.தான் என்று காட்டினர். 1952இல் ஹெர்ஷியும் சேஸும் வைரஸ்களைக் கொண்டு அதை உறுதிப்படுத்தினர். 1953இல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருளின் வடிவத்தை வெளியிட்டனர். கிருமி, வைரஸ், மூலக்கூறு என்று செல்லும் இந்த வரிசையில் தாவரத்துக்கு இடமில்லை.

ஆனால் 1939க்கும் 1942க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், ஈரத்தரையில் படர்ந்து வளரும் ஒரு சிறு தாவரமும், ஒரு பூஞ்சையும், மக்காச்சோளத்தின் மகரந்தமும் ஏறத்தாழ ஒரே விடையைச் சொல்லிவிட்டன. அவற்றிடம் கேட்கப்பட்ட கேள்வி இது: எந்த அலைநீளமுள்ள புறஊதாக் கதிர் மரபணுவை மிகுதியாக மாற்றுகிறது? கிடைத்த விடை, சுமார் 265 நானோமீட்டர். நியூக்ளிக் அமிலங்கள் புறஊதாக் கதிரை மிகுதியாக உறிஞ்சுவது அந்த அலைநீளத்தை ஒட்டித்தான். புரதங்களின் உச்சம் அங்கில்லை. அது 280 நானோமீட்டர் அருகில் இருக்கிறது.

விடை அச்சேறியது. துறைசார்ந்தோர் படித்தனர். எனினும் அதன் நேர்ப்பொருளை ஏற்றவர் மிகச் சிலர். ஒளியைக் கொண்டு தாவரங்களிடம் கேள்வி கேட்ட நூறாண்டு வரலாற்றில், சில விடைகள் உடனே நம்பப்பட்டதும் சில விடைகள் கிடப்பில் போடப்பட்டதும் ஏன் என்பதைப் பற்றியது இந்த நீள்பதிவு.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'லைட் குவாலிட்டி' என்று வழங்குவதைத் தமிழில் 'ஒளியின் தரம்' என்று பெயர்ப்பதுண்டு. மொழியியல் பயின்ற எனக்கு அந்தப் பெயர்ப்பில் நெருடல் உண்டு. தரம் என்றதும் நல்லது, தாழ்ந்தது என்ற மதிப்பீடு நம் மனத்தில் எழுகிறது. தரமான அரிசி, தரங்கெட்ட பேச்சு என்றுதான் நாம் சொல்கிறோம். இங்கே பேசப்படுவது அதுவன்று. ஓர் ஒளியில் எந்தெந்த அலைநீளங்கள் எந்தெந்த விகிதத்தில் கலந்துள்ளன என்பதையே அத்தொடர் குறிக்கிறது. ஆகவே 'ஒளியின் தன்மை' என்பதே பொருத்தம். நண்பகல் வெயிலுக்கும் மரநிழலுக்கும் உள்ள வேறுபாடு ஒளியின் அளவில் மட்டும் இல்லை. மேலே உள்ள இலைகள் சிவப்பையும் நீலத்தையும் வடித்துக்கொண்ட பிறகு எஞ்சுவதே நிழலின் ஒளி. அளவால் குறைந்தது என்பதோடு தன்மையாலும் அது வேறானது.

இந்தத் தன்மையைக் கருவியாக்கிய ஆய்வு முறைக்குச் செயல் நிறமாலை என்று பெயர். அதன் அடிப்படை எளியது. ஒளி எந்த மூலக்கூறால் உறிஞ்சப்படுகிறதோ அந்த மூலக்கூறில்தான் வேதிமாற்றத்தைத் தொடங்க முடியும். ஒவ்வொரு மூலக்கூறும் சில அலைநீளங்களை மிகுதியாகவும் சிலவற்றைக் குறைவாகவும் உறிஞ்சும். அந்த உறிஞ்சு நிறமாலையை அதன் கைரேகை எனலாம். இப்போது உயிருள்ள ஒன்றின்மீது ஒவ்வோர் அலைநீளமாகப் பாய்ச்சி, எதில் எவ்வளவு விளைவு உண்டாகிறது என்று வரைபடம் வரைகிறோம். அந்த வரைபடம் எந்த மூலக்கூறின் கைரேகையோடு ஒத்துப்போகிறதோ, அந்த மூலக்கூறே ஒளியைப் பெற்ற பொருள் என்று ஊகிக்கலாம். செல்லை உடைக்காமல், வேதிப்பொருளைப் பிரித்தெடுக்காமல், வெளியில் நின்றபடியே உள்ளே நடப்பதை அறியும் வழி இது.

இம்முறை முதலில் கையாளப்பட்டது ஒளிச்சேர்க்கையில்தான். அங்கேயும் தொடக்கம் சிக்கலாகவே இருந்தது. 1840களில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற அமெரிக்க வேதியியலர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, நீரில் அமிழ்த்திய இலைகள்மீது வெவ்வேறு நிறங்களைப் பாய்ச்சினார். மஞ்சள் ஒளியில்தான் வளி மிகுதியாக வெளிப்பட்டது என்று அறிவித்தார். ஜெர்மனியின் பெரும் தாவர உடலியலர்களும் அந்தப் பக்கமே சாய்ந்தனர். ஆனால் பச்சையம் மஞ்சளைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. சிவப்பையும் நீலத்தையுமே விழுங்குகிறது. அப்படியானால் உறிஞ்சாத ஒளி எப்படி வேலை செய்யும்?

இந்த முரணைப் பிடித்துக்கொண்டவர் ரஷ்யாவின் கிளிமெந்த் திமிரியாசெவ். போதிய வெளிச்சம் வேண்டுமென்று ஒளிப்பிளவை அகலமாகத் திறந்தால் அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று கலந்துவிடும் என்று அவர் சுட்டினார். மஞ்சள் என்று எண்ணப்பட்டதில் சிவப்பும் கலந்திருந்தது. 1870களில் குறுகிய பிளவையும் நுண்ணிய வளி அளவீட்டையும் கொண்டு, பச்சையம் உறிஞ்சும் சிவப்புப் பகுதியிலேயே ஒளிச்சேர்க்கை வலுவாக நடக்கிறது என்று அவர் காட்டினார்.

1882இல் தியோடோர் வில்ஹெல்ம் எங்கெல்மன் இதைக் கண்ணால் காணும் காட்சியாகவே மாற்றினார். நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் பணியாற்றிய அவர், கிளாடோஃபோரா என்ற இழைப்பாசியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதன் நீளம் முழுவதும் ஒரு குட்டி நிறமாலை விழும்படி செய்தார். அதே நீர்த்துளியில் ஆக்சிஜனைத் தேடிச் செல்லும் பாக்டீரியங்களை விட்டார். அவை இழையின் எல்லா இடத்திலும் சமமாகப் பரவவில்லை. சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் கும்பலாக மொய்த்தன. பச்சை விழுந்த இடத்தில் குறைவாகவே இருந்தன. பச்சையத்தின் உறிஞ்சு நிறமாலையைப் பாக்டீரியங்களே வரைந்து காட்டின.

எங்கெல்மனின் விடையை ஏற்பதற்குப் பெரிய தடை எழவில்லை. பச்சையம் கண்முன் இருந்தது. இலை முழுவதும் நிறைந்த பொருள் அது. ஒளிச்சேர்க்கையோடு அதற்குத் தொடர்பு இருக்கும் என்று அனைவரும் முன்பே எண்ணியிருந்தனர். எதிர்பார்த்த விடை வந்தால் அதை நம்புவதற்குத் தனித் துணிவு வேண்டியதில்லை.

இனி புறஊதாவுக்கு வருவோம். ஊதாவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் உள்ளன என்பதை வெள்ளிக் குளோரைடு கருமையாவதைக் கொண்டு 1801இல் கண்டறிந்தவர் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர். அக்கதிர்கள் கிருமிகளைக் கொல்லும் என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெரிந்தது. ஆனால் எந்த அலைநீளம், எந்த மூலக்கூறு என்று துல்லியமாகக் கேட்டவர் ஃபிரெடரிக் கேட்ஸ். 1920களின் இறுதியில் ராக்ஃபெல்லர் கழகத்தில் அவர் தனித்தனி அலைநீளங்களைப் பாக்டீரியங்கள்மீது பாய்ச்சி, அவை எவ்வளவு மடிகின்றன என்று அளந்தார். சாவின் வரைபடம் நியூக்ளிக் அமிலப் பகுதிப்பொருள்களின் உறிஞ்சு வரைபடத்தோடு ஒத்திருந்ததை அவரே சுட்டிக்காட்டினார். ஏவரி பணியாற்றிய அதே கழகம் அது. டி.என்.ஏ. என்பது நான்கே காரங்கள் மாறாத வரிசையில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட எளிய பொருள் என்ற கருத்தை நிலைநாட்டிய ஃபீபஸ் லெவீன் இருந்ததும் அங்கேதான். ஒரே கழகத்தில் கேள்வியும் இருந்தது, விடையின் முதல் கீற்றும் இருந்தது, அந்த விடையை மறைத்த திரையும் இருந்தது.

கேட்ஸ் அளந்தது சாவை; மரபு மாற்றத்தை அன்று. கிருமி எதனாலும் சாகலாம் என்று சொல்லிவிட இடமிருந்தது. மரபணுவையே நேரடியாகக் கேட்கும் சோதனை வேண்டும். அதற்குத் தாவரங்கள் உதவின.

1939இல் ஜெர்மனியில் எட்கர் கினாப்பும் அவருடைய துணைவர்களும் ஸ்பீரோகார்பஸ் என்ற சிறு தாவரத்தை எடுத்துக்கொண்டனர். பாசிகளுக்கும் பெரணிகளுக்கும் இடைப்பட்ட பிரையோஃபைட்டு வகையைச் சேர்ந்தது அது. அதன் ஆண் இனச்செல்கள் நீரில் நீந்திச் செல்பவை; மிகச் சிறியவை; பெரும்பாலும் உட்கருவே ஆனவை. கதிர் உட்கருவைச் சேருமுன் வேறெங்கும் உறிஞ்சப்பட்டு வீணாகும் வாய்ப்பு அவற்றில் குறைவு. அந்த ஆண் செல்களுக்கு வெவ்வேறு புறஊதா அலைநீளங்களைக் காட்டி, அவற்றால் கருவுற்று உண்டான சந்ததியில் தோன்றிய திடீர்மாற்றங்களை எண்ணினர். உச்சம் 265 நானோமீட்டரில் நின்றது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் அலெக்சாண்டர் ஹாலண்டரும் செஸ்டர் எம்மன்ஸும் படர்தாமரையை உண்டாக்கும் ஒரு பூஞ்சையின் வித்துகளில் இதே சோதனையைச் செய்தனர். அங்கும் உச்சம் அதே இடத்தில்தான்.

மூன்றாவது சோதனை மக்காச்சோளத்தில் நடந்தது. அதை நடத்திய லூயிஸ் ஸ்டாட்லரின் வாழ்க்கையே தாவர மரபியலின் நிலையைச் சொல்லும். எக்ஸ் கதிர்கள் மரபணுக்களை மாற்றுகின்றன என்பதை அவர் மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் பார்லியைக் கொண்டு தாமாகவே கண்டறிந்தார். ஆனால் பழ ஈ சில நாள்களில் தலைமுறை மாறும். பார்லிக்கு ஒரு பருவம் வேண்டும். 1927இல் ஹெர்மன் முல்லர் பழ ஈயில் கண்டதை முதலில் வெளியிட்டார். 1946இல் நோபல் பரிசும் அவரைச் சேர்ந்தது. ஸ்டாட்லரின் பார்லி முடிவுகள் 1928இல் வந்தன.

1930களின் நடுவில் ஸ்டாட்லர் புறஊதாவுக்குத் திரும்பினார். எக்ஸ் கதிர் குரோமோசோம்களை உடைத்துச் சிதறடிக்கிறது. அது மரபணுவை மாற்றுகிறதா, அழிக்கிறதா என்று பிரித்தறிவது அரிது. புறஊதாவின் விளைவு மென்மையாக இருக்கலாம் என்று அவர் எதிர்பார்த்தார். அதற்கு மக்காச்சோளம் ஏற்ற பயிர். அதன் ஒவ்வொரு மணியும் தனிக் கருவுறுதலின் விளைவு. மகரந்தத்தின் இரு ஆண் உட்கருக்களில் ஒன்று கருவை உண்டாக்குகிறது. மற்றது முளைசூழ்தசையை உண்டாக்குகிறது. மணியின் நிறத்தையும் அமைப்பையும் தரும் மரபணு ஒன்று மகரந்தத்தில் பழுதுபட்டால், அடுத்த தலைமுறைக்குக் காத்திராமல் அந்தக் கதிரின் மணிகளிலேயே அதைக் கண்ணால் காணலாம். ஒரு கதிரில் சில நூறு மணிகள்; ஒவ்வொரு மணியும் ஒரு சோதனை.

இடையூறும் இருந்தது. மக்காச்சோள மகரந்தம் பெரியது. அதன் உறையும் உள்ளிருக்கும் பொருள்களும் புறஊதாவைக் கணிசமாக உறிஞ்சிவிடும். உட்கருவை எட்டுவது எவ்வளவு என்று தெரியாமல் வரைபடம் வரைவது பயனற்றது. ஆகவே ஃபிரெட் ஊபர் என்ற இயற்பியலர் ஸ்டாட்லரோடு சேர்ந்தார். குவார்ட்ஸ் நுண்ணோக்கியால் மகரந்தத்தின் உறிஞ்சும் அளவை ஒவ்வோர் அலைநீளத்துக்கும் தனியே அளந்தார். அந்தத் திருத்தத்தோடு 1942இல் இருவரும் முடிவை வெளியிட்டனர். மரபு விளைவின் வரைபடம் நியூக்ளிக் அமிலத்தின் பக்கமே நின்றது. நீண்ட அலைகளை நோக்கிச் செல்லச் செல்ல விளைவு சரிந்தது.

ஆக, ஒரு பிரையோஃபைட்டு, ஒரு பூஞ்சை, ஒரு பூக்குந்தாவரம். மூன்று ஆய்வுக் குழுக்கள், இரண்டு கண்டங்கள், போர் மூண்ட காலம். கிடைத்த விடை ஒன்றே. அப்படியிருந்தும் மரபணு நியூக்ளிக் அமிலத்தால் ஆனது என்ற முடிவுக்கு உயிரியல் உலகம் ஏன் வரவில்லை?

லெவீனின் கருத்து ஒரு காரணம். நான்கு எழுத்துகளே கொண்டு, அவையும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வரும் மொழி ஒன்று இருந்தால் அதில் எதைச் சொல்ல முடியும்? இருபது அமினோ அமிலங்களால் ஆன புரதமே மரபின் பன்மையைத் தாங்கவல்லது என்று அக்கால அறிஞர் எண்ணியது இயல்பே. நான்கு எழுத்துகளைக் கொண்டும் எல்லையற்ற சொற்களை ஆக்கலாம் என்பது மொழியியலின் தொடக்கப் பாடம். ஆனால் வரிசை மாறக்கூடியது என்று தெரிந்திருந்தால்தான் அந்தப் பாடம் உதவும். காரங்களின் விகிதம் உயிரினத்துக்கு உயிரினம் வேறுபடுகிறது என்று எர்வின் சார்காஃப் காட்டியது 1940களின் இறுதியில்தான்.

இரண்டாவது காரணம் இதைவிட நுட்பமானது. புறஊதாவை உறிஞ்சுவது நியூக்ளிக் அமிலமாக இருக்கலாம். ஆனால் அது பெற்ற ஆற்றலை அருகிலுள்ள புரதத்துக்குக் கொடுத்திருக்கலாம், மாறியது அந்தப் புரதமே என்று வாதிட்டனர். இன்று படிக்கும்போது இது சாக்குப்போக்காகத் தோன்றும். உண்மையில் அது வெறும் சாக்கு அன்று. ஒளியைப் பெறும் மூலக்கூறும் வேலையைச் செய்யும் மூலக்கூறும் வேறாக இருக்கக்கூடும் என்பதற்குச் சான்று அப்போது ஒளிச்சேர்க்கை ஆய்வில்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. மக்காச்சோள முடிவு வெளியான அதே 1942இல், ராபர்ட் எமர்சனும் சார்ல்டன் லூயிஸும் குரூகாக்கஸ் என்ற நீலப்பசும்பாசியில், பச்சையம் அல்லாத ஃபைக்கோசயனின் என்ற நீலநிறமி உறிஞ்சும் ஒளியும் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுகிறது என்று காட்டினர். துணை நிறமி ஒளியைப் பெற்றுப் பச்சையத்துக்குக் கைமாற்றுகிறது என்ற கருத்து அடுத்தடுத்த ஆண்டுகளில் வலுப்பெற்றது. இலைக்குள் நடக்கும் கைமாற்றம் குரோமோசோமுக்குள் ஏன் நடக்கக்கூடாது? தர்க்கத்தில் பிழையில்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. கைமாற்றம் நடந்திருக்கலாம் என்பது சோதிக்க வேண்டிய ஊகம். அதைச் சோதிக்காமலே முடிவாக ஏற்றுக்கொண்டு, வந்த விடையை ஒதுக்கிவைத்தனர். இம்முறையைக் கையாண்ட வேறிரு குழுக்கள் இப்படி நிற்காமல் மேலே சென்றதை ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

முதற்குழு எமர்சனுடையது. 1943இல் அவர் ஒரு விந்தையைக் கண்டார். சுமார் 685 நானோமீட்டருக்கு அப்பாற்பட்ட சிவப்பைப் பச்சையம் உறிஞ்சுகிறது. ஆனால் ஒளிச்சேர்க்கையோ அங்கே சட்டென வீழ்கிறது. இரு வரைபடங்களும் பெரும்பகுதி ஒத்துப்போனபோது, ஓரத்தில் மட்டும் பொருந்தாத ஒரு துண்டை அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிடலாம். எமர்சன் தள்ளவில்லை. 1957இல் அந்த நெடுஞ்சிவப்போடு குறுகிய அலை ஒன்றையும் சேர்த்துப் பாய்ச்சினார். இரண்டும் தனித்தனியே தந்த விளைவுகளின் கூட்டுத்தொகையைவிட, சேர்ந்து தந்த விளைவு மிகுந்திருந்தது. ஒளிச்சேர்க்கையில் ஒன்று அல்ல, இரண்டு ஒளித்தொகுதிகள் கைகோத்து வேலை செய்கின்றன என்ற முடிவுக்கு இதுவே வாயிலாயிற்று. இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் நேரடிப் பங்கு உண்டு. அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பயின்ற கோவிந்த்ஜி 1956இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எமர்சனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். 1959 பிப்ரவரியில் நியூயார்க் அருகே நிகழ்ந்த விமான விபத்தில் எமர்சன் இறந்தார். கோவிந்த்ஜி யூஜின் ரபினோவிச்சின் வழிகாட்டலில் ஆய்வை முடித்தார். இரு தொகுதிகளிலும் குளோரோஃபில் ஏ வெவ்வேறு வடிவங்களில் பங்கேற்கிறது என்று அவர்கள் இருவரும் 1960இல் காட்டினர்.

இரண்டாவது குழு அமெரிக்க வேளாண்துறையின் பெல்ட்ஸ்வில் நிலையத்தைச் சேர்ந்தது. லெட்யூஸ் கீரையின் 'கிராண்ட் ரேபிட்ஸ்' என்ற வகை விதைகள் சிவப்பொளியில் முளைக்கும். நெடுஞ்சிவப்பில் முளைக்க மறுக்கும் என்பது 1930களிலேயே தெரிந்திருந்தது. தாவரவியலர் ஹாரி போர்த்விக்கும் வேதியியலர் ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸும் துணைவர்களோடு 1952இல் ஒரு புதுமையைக் கண்டனர். சிவப்பையும் நெடுஞ்சிவப்பையும் எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும், கடைசியாகக் காட்டிய நிறமே விதையின் முடிவைத் தீர்மானித்தது. 660 நானோமீட்டரிலும் 730 நானோமீட்டரிலும் உச்சம் கொண்டு, ஒன்று மற்றொன்றாக மாறும் ஒரு நிறமி இருந்தாக வேண்டும் என்று அவர்கள் கூறினர். அப்படியொரு நிறமியை அதுவரை எவரும் கண்டதில்லை. கற்பனை நிறமி என்று கேலி பேசியவரும் உண்டு. பச்சையம் மறைக்காதபடி இருட்டில் வளர்த்த மக்காச்சோள நாற்றுகளை எடுத்து, தனியே அமைத்த ஒளியளவியால் 1959இல் அதை நேரில் பிடித்துக் காட்டினர். அதுவே ஃபைட்டோகுரோம். மேலே மரம் உண்டா, நிழல் உண்டா என்பதைத் தாவரம் அறிவது இந்த நிறமியால்தான். நிழலில் சிவப்பு குறைந்து நெடுஞ்சிவப்பு மிகுவதே அதற்குச் செய்தி.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபைட்டோகுரோமை ஒருவரும் பார்த்திருக்கவில்லை. வரைபடம் மட்டுமே இருந்தது. நம்பித் தேடினார்கள், கிடைத்தது. நியூக்ளிக் அமிலம் 1869 முதல் தெரிந்த பொருள். ஒவ்வோர் உட்கருவிலும் நிறைந்த பொருள். வரைபடமும் அதையே சுட்டியது. ஆனால் அதற்குத் தகுதியில்லை என்று முன்பே முடிவு கட்டியிருந்தனர். அறியாத பொருளைத் தேடுவதைவிட, அற்பமென ஒதுக்கிய பொருளைத் திரும்பிப் பார்ப்பது கடினம்.

ஏவரியின் 1944 கட்டுரையிலும் நம் எண் தலைகாட்டுகிறது. பண்பைக் கடத்தும் அப்பொருள் டி.என்.ஏ.தான் என்பதற்கு அவர்கள் அடுக்கிய சான்றுகளுள், அது 260 நானோமீட்டர் அருகில் புறஊதாவை மிகுதியாக உறிஞ்சுகிறது என்பதும் ஒன்று.

டி.என்.ஏ.வை ஏற்றுக்கொண்ட பிறகு கதை வேகம் பிடித்தது. 1949இல் ஆல்பர்ட் கெல்னர், புறஊதாவால் மடியவேண்டிய நுண்ணுயிர்கள் பின்னர் கட்புலனாகும் ஒளி பட்டால் மீண்டெழுவதைக் கண்டார். அதே ஆண்டில் ரெனாட்டோ டல்பெக்கோ வைரஸ்களிலும் இதைக் கண்டார். 1960இல் பியூக்கர்ஸும் பெரென்ட்ஸும் புறஊதா செய்யும் பழுதின் வேதியியலைக் காட்டினர். டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து அமைந்த இரு தைமின் காரங்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. அந்த முடிச்சு விழுந்த இடத்தில் மரபுச் செய்தியைப் படிக்க முடிவதில்லை. நீல ஒளியின் ஆற்றலைக் கொண்டு அந்த முடிச்சை அவிழ்க்கும் நொதியே ஃபோட்டோலயேஸ். தாவரங்களில் அது உண்டு. நம்மைப் போன்ற நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளிடம் இல்லை. வெயிலை விட்டு ஓட முடியாத உயிருக்கு, வெயிலாலேயே வெயிலின் புண்ணை ஆற்றும் வழி வாய்த்திருக்கிறது.

1993இல் மார்கரெட் அகமதுவும் ஆந்தனி காஷ்மோரும், நீல ஒளியை உணரத் தவறிய அராபிடாப்சிஸ் செடியில் பழுதான மரபணுவைப் பிரித்தெடுத்தபோது, அது தரும் புரதம் ஃபோட்டோலயேஸை ஒத்திருந்தது. கிரிப்டோகுரோம் என்ற நீல ஒளி உணரி, பழுது நீக்கும் நொதியின் உறவினர். டி.என்.ஏ.வைச் செப்பனிட்ட ஒரு குடும்பம், காலப்போக்கில் எந்தெந்த மரபணு விழிக்க வேண்டும் என்று ஒளியைப் பார்த்துச் சொல்லும் பணிக்கும் வந்திருக்கிறது.

265 நானோமீட்டர் கதிர் தரையை எட்டுவதில்லை. ஓசோன் படலம் அதைத் தடுத்துவிடுகிறது. ஸ்டாட்லர் பயன்படுத்தியது விளக்கின் கதிர். ஆனால் 280 முதல் 315 வரையுள்ள புறஊதா பி கதிரில் ஒரு பகுதி வந்து சேர்கிறது. டி.என்.ஏ. அங்கே குறைவாக உறிஞ்சினாலும் பழுதுபடப் போதுமான அளவு உறிஞ்சவே செய்கிறது. ஒளிச்சேர்க்கைத் தொகுதி இரண்டின் டி1 புரதமும், நீரைப் பிளக்கும் மாங்கனீசுக் கொத்தும் அக்கதிரால் தாக்குறும். 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகியோர் அண்டார்க்டிக்காவின் மேலே ஓசோன் மெலிந்திருப்பதை அறிவித்தபோது, உலகின் பயிர்கள் என்னாகும் என்ற அச்சம் எழுந்தது. வளர்ப்புக் கூடங்களில் நடந்த சோதனைகள் சில பெரும் இழப்பைக் காட்டின. திறந்த வயலில் செய்தபோது இழப்பு குறைந்து காணப்பட்டது. கூடங்களின் விளக்குகளில் கட்புலனாகும் ஒளி போதவில்லை. பழுது நீக்கத் தேவையான நீலமும் நீள்புறஊதாவும் குறைவு. ஒளியின் ஒரு பகுதியை மட்டும் கூட்டிவிட்டு அதன் மொத்தத் தன்மையை மறந்ததன் விளைவு அது. மஞ்சளில் டிரேப்பர் இடறிய இடத்துக்கு இது வெகு தொலைவில் இல்லை.

வயலில் வளரும் செடி அடிமட்டும் வாங்கிக்கொண்டு நிற்பதில்லை. புறஊதாவைக் கண்டதும் ஃபிளவனாய்டுகளை உண்டாக்கி இலையின் மேல்தோலில் நிரப்பிக்கொள்கிறது. அந்தத் திரை புறஊதாவைத் தடுக்கும். ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய ஒளியை உள்ளே விடும். அப்படியானால் புறஊதா வந்திருப்பதைச் செடி எதனால் அறிகிறது? 2002இல் அராபிடாப்சிஸில் யூ.வி.ஆர்.8 என்ற மரபணுவின் பங்கு தெரிந்தது. 2011இல் அதன் புரதமே உணரி என்பது உறுதியாயிற்று. இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும் அப்புரதம் புறஊதா பி பட்டதும் ஒற்றைகளாகப் பிரிகிறது; பிரிந்த ஒற்றை வேறு புரதங்களோடு சேர்ந்து காப்பு மரபணுக்களை இயக்குகிறது. ஃபைட்டோகுரோமுக்கும் கிரிப்டோகுரோமுக்கும் ஒளியைப் பெறத் தனியொரு நிறமூலக்கூறு தேவை. இதற்கு அதுவும் வேண்டாம். புரதத்தின் உடலிலேயே உள்ள டிரிப்டோபன் என்ற அமினோ அமிலமே ஒளியைப் பெறுகிறது. புரதங்கள் 280 நானோமீட்டர் அருகில் புறஊதாவை உறிஞ்சுவதற்கு முதன்மைக் காரணமும் அதே டிரிப்டோபன்தான்.

1940களில் புரதமே புறஊதாவின் இலக்கு என்று நின்றவர்கள் மரபணுவைப் பொறுத்தவரை தவறான பக்கத்தில் நின்றார்கள். ஆனால் புறஊதாவை வாங்கிச் செய்தி சொல்லும் புரதம் ஒன்று செடிக்குள் இருக்கத்தான் செய்தது. ஒரே கதிர் நியூக்ளிக் அமிலத்தில் விழுந்தால் பழுது. புரதத்தில் விழுந்தால் எச்சரிக்கை.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானது அன்று. சூரியன் உச்சியில் ஏறும், ஓசோன் படலமும் துருவப் பக்கத்தைவிட இயல்பாகவே மெலிந்திருக்கும் வெப்ப மண்டலத்தில் நம் பயிர்கள் புறஊதா பி கதிரோடுதான் பழகி வந்துள்ளன. இப்போது நாடெங்கும் பசுமைக்குடில்கள் பெருகுகின்றன. சாதாரணக் கண்ணாடி புறஊதா பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், பல நெகிழித் தாள்களும் அவ்வாறே. சிவப்பும் நீலமும் மட்டும் எரியும் எல்.இ.டி. விளக்குகளின் கீழ் கீரை வளர்க்கின்றனர். அந்த இரு நிறங்களும் எங்கெல்மனின் பாக்டீரியங்கள் மொய்த்த இடங்கள். ஒளிச்சேர்க்கைக்கு அவை போதும். ஆனால் செடி ஒளியை உண்பதோடு படிக்கவும் செய்கிறது. நெடுஞ்சிவப்பு இல்லாத ஒளியில் ஃபைட்டோகுரோம் என்ன படிக்கும், புறஊதா இல்லாத ஒளியில் யூ.வி.ஆர்.8 எதைச் சொல்லும், அதனால் கீரையின் நிறமும் மணமும் காப்புப் பொருள்களும் எப்படி மாறும் என்று கேட்காமல் விளைச்சலின் எடையை மட்டும் நிறுத்தால், பாதிக் கேள்வியைத்தான் கேட்டவர்களாவோம்.

லூயிஸ் ஸ்டாட்லர் 1954இல் மறைந்தார். இரட்டைச் சுருளின் செய்தி அவர் காலத்திலேயே வந்துவிட்டது. மரபணு என்ற சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறோம், சோதனை உண்மையில் எதைக் காட்டியது, நாம் எதை அதன்மேல் ஏற்றிச் சொல்கிறோம் என்று பிரித்து ஆராயும் கட்டுரையே அவருடைய கடைசி எழுத்துகளுள் ஒன்று; அவர் இறந்த பின் வெளியானது. எக்ஸ் கதிர் உண்டாக்கியதாகக் கருதப்பட்ட திடீர்மாற்றங்கள் பலவும் உண்மையில் இழப்புகளே என்று, தம் பெயருக்குப் புகழ் தந்த கண்டுபிடிப்பின்மீதே ஐயம் எழுப்பியவர் அவர். அவருடைய மக்காச்சோள மணிகள் சொன்னதை உலகம் இரண்டாண்டு கழித்து நிமோனியாக் கிருமியிடமும், பத்தாண்டு கழித்து வைரஸிடமும் கேட்டு நம்பியது.